வயலின் பழகும் மகளை மேற்கத்தியக் கச்சேரிக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: கொழும்பில் பெரிய இசைக்குழுவில் வாசிக்கும் நான்கு பேர் அடுத்த சனிக்கிழமை திருகோணமலைக்கு வந்து இலவசமாக வாசிக்கிறார்களாம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ. என் மகளுக்கு 10 வயது, கர்நாடக வயலின் பழகுகிறாள். இவரோ, "சும்மா காட்டுறதில என்ன இருக்கப் போகுது" என்கிறார். அந்த இசை எங்களுக்கு விளங்காது. போகலாமா? எந்த இடத்தில் கைதட்டுவது?
- ஒரு தாய், உவர்மலை

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. நேரத்தோடு போய் முன்வரிசையில் இருங்கள். பெரிய இசைக்குழுவில் முதல் வயலின் பகுதியைப் பல பேர் சேர்ந்து வாசிப்பார்கள். நால்வர் கச்சேரியில் ஒரு பகுதிக்கு ஒருவர்தான், கையசைத்து இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரும் இல்லை. இலவசம் என்பதற்காக அந்த உழைப்பு குறையாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு 22 வயதில் கொழும்பில் முதன்முதலாக இப்படியொரு கச்சேரி கேட்கக் கிடைத்தது. முதல் வயலின்காரர் வில்லைத் தந்தியில் வைத்து மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சு என் காதில் விழுந்தது. அதே கணம் மற்ற மூன்று வில்லும் அசைந்தன. நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தபடியே இருப்பார் அல்லவா, அந்தப் பார்வையை அங்கேயும் கண்டேன்.

விளங்குமா என்ற பயம் வேண்டாம். ராகத்தையும் கமகத்தையும் தேடாதீர்கள். ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் வேறு வேறு வழியில் போகும். மகளை வயோலாவை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். வயலினைவிடச் சற்றுப் பெரியது, பஞ்சமம் கீழே ஒலிப்பது. அது ஓய்ந்ததும் நடுவில் ஒரு வெறுமை தெரியும். வயலின் பழகும் பிள்ளையின் காது அதை உடனே பிடிக்கும்.

நிகழ்ச்சியில் ஹெய்டன் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரின் படைப்பு இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். நால்வருக்கென்று 68 படைப்புகள் எழுதியவர். அவர் வாழ்ந்த காலத்தில், 1786இல், தமிழ்நாட்டில் பாலுசுவாமி தீட்சிதர் பிறந்தார். மேற்கத்திய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர் அவர். அப்புறம், பெரும்பாலும் ஒரு படைப்பில் நான்கு பகுதிகள் இருக்கும். இடையில் பேசாமல் இருந்து, கடைசியில் நால்வரும் வில்லை இறக்கி நிமிர்ந்ததும் தட்டுங்கள். நம்மூர்க் கடற்காற்றில் தந்தியின் சுருதி மாறும். நடுவில் சுருதி சேர்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளின் வயலினையும் கையோடு கொண்டுபோங்கள். கச்சேரி முடிந்ததும், அவள் தரையில் இருந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து ஒரு வர்ணம் வாசித்துக் காட்டட்டும்.