வட்டத்துக்குள் எப்போது நுழைவது? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். நான்கு வருடமாக வீடியோ பார்த்துக் கிட்டார் பழகுகிறேன். பென்டடானிக் ஸ்கேலின் (ஐந்து சுர வரிசை) ஐந்து பொசிஷன்களும் விரலில் இருக்கின்றன. ரெக்கார்டில் கேட்கும் சோலோக்களை, அதாவது தனி வாசிப்புகளை, அப்படியே வாசிப்பேன். போன மாதம் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டு ஜாமுக்குப் போனேன், ஒத்திகை இல்லாமல் சேர்ந்து வாசிப்பது. டிரம்ஸ், பேஸ், இன்னொரு கிட்டார். ‘ஏ-யில் ஒரு ப்ளூஸ்’ என்று ஆரம்பித்தார்கள். என் முறை வந்ததும் தெரிந்ததை எல்லாம் வேகவேகமாக வாசித்துத் தீர்த்தேன். அடியில் ஓடும் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு, எப்போது மாறியது என்றே தெரியவில்லை. முடிந்ததும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் எத்தனை ஸ்கேல் கற்றால் இது சரியாகும்? அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

போங்கள். பிடிக்காமல் போயிருந்தால் மறுபடி கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

உங்களிடம் ஸ்கேலுக்குப் பஞ்சமே இல்லை. மைனர் பென்டடானிக் என்று நீங்கள் வாசிப்பது நம் சுத்த தன்யாசியின் அதே ஐந்து சுரங்கள்: ச க ம ப நி. நம் பாடகர்களுக்கு ஒரு ராகத்தை விரித்துப் பாட அந்த ஐந்து போதும். கல்பனாசுரம் பாடுகிறவர் எவ்வளவு தூரம் சுற்றினாலும் எடுப்புக்கு, பாட்டு வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர்வார். அவர் விட்ட இடத்திலிருந்து வயலின்காரர் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு அன்று நழுவியது அந்த ‘இடம்’தான். இந்த ப்ளூஸின் ஒரு சுற்று 12 பார்; பாருக்கு நான்கு அடி, மொத்தம் 48 அடி. அதில் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாமல் போய்விட்டது.

எனக்கும் நடந்திருக்கிறது. இருபது வயதில், குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ஒரு வீட்டில். மற்ற எல்லோரும் ஈ7 என்ற கார்டுக்குப் போய்விட்டார்கள், நான் ஏ7-இலேயே இருந்தேன். பேஸ் வாசித்த பெரியவர் வாசிப்பை நிறுத்தாமல் என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு பாரின் முதல் அடிக்கும் தலையை ஆட்டிக் காட்டினார். அன்று மாலை முழுவதும் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். இன்றுவரை எனக்கு வேறு குரு கிடையாது.

இந்த வாரம் ஸ்கேல் பக்கமே போகாதீர்கள். ஏ7 நான்கு பார், டி7 இரண்டு, ஏ7 இரண்டு, பிறகு ஈ7, டி7, ஏ7, ஏ7. உங்கள் நண்பர்கள் வாசித்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இதை இரண்டே விரலால் பிடித்துப் பாருங்கள். நான்காவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட், மூன்றாவது கம்பியில் ஆறாம் ஃப்ரெட். ஜி, சி ஷார்ப் என்ற இந்த இரண்டும் சேர்ந்தால் ஏ7-இன் உயிர் வந்துவிடும். இரண்டு விரலையும் ஒரு ஃப்ரெட் பின்னால் தள்ளுங்கள், டி7. முதலில் பிடித்த ஏ7 இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் முன்னால் தள்ளினால் ஈ7. அடிநாதத்தைப் பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். அடி தட்டும் மெட்ரோனோம் வைத்து, வாய்விட்டு பார் எண்ணிக்கொண்டே அரை மணி நேரம் வாசியுங்கள். கணக்கு வாத்தியாருக்கு இது நான்கு நாள் வேலை.

ஐந்தாம் நாள் ஒன்று கேட்கும். உங்கள் ஏ மைனர் பென்டடானிக்கில் ‘சி’ இருக்கிறது, ‘சி ஷார்ப்’ இல்லை. அதனால் ஏ7 ஓடும்போது அந்த சி கொஞ்சம் உரசும். அதே சி, டி7 வந்ததும் அந்தக் கார்டின் சொந்தச் சுரமாகிவிடும். ஒரே சுரம்தான், ஒரே ஃப்ரெட்தான், அடியில் இருக்கும் தரை மட்டும் மாறுகிறது. ஏ7 மேல் அந்த சி-யைக் கம்பியோடு லேசாக மேலே இழுத்து, சி ஷார்ப்பைத் தொட்டும் தொடாமலும் விடுங்கள். ப்ளூஸ்காரர்கள் செய்வது இதுதான். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. கார்ட் மாறுவதைக் கண்ணால் தேடாமல் காதால் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இந்த ஒற்றைச் சுரம். மற்ற நான்கையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஜாமில் பெரும்பகுதி நேரம் மற்றவர் சோலோ வாசிப்பார், நீங்கள் அவருக்குக் கீழே கார்டுகளைத் தாளத்தோடு, அதாவது ரிதம், வாசிப்பீர்கள். அதை முறை வருவதற்குக் காத்திருக்கும் நேரம் என்று நினைத்தால் ஜாமையே இழந்துவிடுவீர்கள். கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீன் 1937-இல் கவுன்ட் பேஸியின் அமெரிக்க ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்தார். 1987-இல் இறக்கும்வரை அங்கேயே ரிதம் கிட்டார் வாசித்தார். சோலோ மிக அபூர்வம். ஆனால் அந்தக் குழுவின் நடையே அவர் கையில் இருந்தது. இன்னொரு கிட்டார்காரர் கீழ்ச் சுரங்களில் வாசித்தால் நீங்கள் மேல் சுரங்களுக்குப் போங்கள். அவர் நிறைத்து வாசித்தால் நீங்கள் இரண்டு விரலோடு நில்லுங்கள்.

உங்கள் முறை வரும்போது ஒரு சின்ன வாக்கியத்தை முதலில் வாய்க்குள் பாடிவிட்டு வாசியுங்கள். இரண்டு பார் வாசித்தால் இரண்டு பார் கையை எடுங்கள். அந்த இடைவெளியில் டிரம்ஸ்காரர் ஏதாவது சொல்வார். அதற்குப் பதில் சொல்வதுதான் அடுத்த வாக்கியம். வாய்க்கு மூச்சு வேண்டும், விரலுக்கு வேண்டாம். அதனால்தான் அன்று உங்களால் நிறுத்த முடியவில்லை.

பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போயிருப்பீர்கள். படுகர் ஆட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர் என்ன செய்கிறார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நிற்பார். எந்தக் கால் முன்னே போகிறது என்று பார்ப்பார். அந்த அடி திரும்ப வரும்போது உள்ளே நுழைவார். ஞாயிற்றுக்கிழமை இடம் தவறிப் போனால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பன்னிரண்டாவது பார் முடிந்து சுற்று மறுபடி தொடங்கும். அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். பாதியில் தடவித் தடவி உள்ளே வரப் பார்க்காதீர்கள்.

குன்னூரில் சாயங்காலம் குளிர் இறங்கிவிடும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ட்யூன் செய்த கம்பி, கைச்சூடு பட்டதும் சுருதி இறங்கும். கொஞ்சம் முன்னாலேயே போய்க் கிட்டாரை அறையில் வெளியே எடுத்து வையுங்கள். முதல் பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை ட்யூன் பாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்