லினக்ஸ் சர்வரில் பிபிஎஸ் ஓட்ட கமாண்ட் லைனில் என்னென்ன ஆப்ஷன் கொடுக்க வேண்டும்?

வாடகைக்கு ஒரு சின்ன லினக்ஸ் சர்வர் எடுத்திருக்கிறேன், அதில் சிங்க்ரோநெட் என்ற மென்பொருளை வைத்து ஒரு பிபிஎஸ் (பலரும் உள்ளே வந்து கடிதம் எழுதிப் படிக்கிற, எழுத்து மட்டும் வரும் பழைய பாணி அறிவிப்புப் பலகை) போட்டுப் பார்க்க ஆசை, ஸ்டார்ட் பண்ணும்போது என்ன ஆப்ஷன் கொடுப்பது, எந்த போர்ட்டைத் திறப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ‘இந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தேவை என்று நண்பர்கள் கேட்கிறார்கள்’ என்றும் ஒரு வரி. உண்மையைச் சொன்னால் அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. தேவைப்படுகிற ஒருவன் என் வீட்டிலேயே இருக்கிறான். அவனைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டது.

கமாண்ட் லைனில் முடிந்தவரை ஒன்றும் கொடுக்காதீர்கள். போர்ட் எண் (வெளியிலிருந்து வருபவர் நுழையும் கதவின் எண்), நோட் எண்ணிக்கை (ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்பது), எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும் என்பதெல்லாம் கன்ட்ரோல் ஃபோல்டரில் இருக்கும் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பிலேயே இருக்கட்டும். ஐஎன்ஐயில் ஒன்று எழுதி, கமாண்ட் லைனில் வேறு ஒன்று கொடுத்தால், கமாண்ட் லைன் சொன்னதுதான் நடக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தும் மறந்ததால் இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் போனது.

நான் ஆரம்பித்தது திருச்சியில் எங்கள் வீட்டு ஹாலில், ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில். சோதித்துப் பார்க்கிற அவசரத்தில், ஸ்டார்ட் செய்யும் ஸ்கிரிப்டில் டெல்நெட் (எழுத்து வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழையும் பழைய முறை) போர்ட்டை 2323 என்று கொடுத்துவிட்டேன். சிங்க்ரோநெட்டில் இது சுலபம்: டெல்நெட், போர்ட் என்ற இரண்டு சொற்களின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து, இடைவெளி விடாமல் எண்ணை ஒட்டினால் போதும். நான்கு மாதம் கழித்து, சரி, முறையாக டெல்நெட்டின் வழக்கமான எண்ணான 23லேயே ஓட்டலாம் என்று ஐஎன்ஐயைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்தேன். 23இல் யாரும் எடுக்கவில்லை. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், ரவுட்டரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் மென்பொருளையே மறுபடி கம்பைல் செய்தேன். இரண்டாம் நாள் விடிகாலை, ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தபோது, அந்த வரியின் கடைசியில் 2323 என்று இருந்தது. ஸ்கிரிப்டை எழுதியது நானேதான்.

அதற்காக ஆப்ஷன்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோளாறு பார்க்கும்போது அவை அருமை. சிங்க்ரோநெட் ஒரே புரோகிராமுக்குள் ஐந்து சர்வர்களை ஓட்டும்: டெர்மினல், எஃப்டிபி, மெயில், வெப், அப்புறம் சர்வீசஸ். ஒவ்வொன்றுக்கும் அதன் ஆங்கில முதல் எழுத்தைப் போட்டு (டெர்மினலுக்கு மட்டும் டெல்நெட், டெர்மினல் இரண்டுக்கும் பொதுவான எழுத்து), பின்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், அந்த சர்வர் மட்டும் கிளம்பாது. குறி முன்னால் இல்லை, பின்னால். முதல் நாள் எஃப்டிபி, மெயில், வெப், சர்வீசஸ் நான்கையும் இப்படி அணைத்துவிட்டு டெர்மினலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். திரையில் ஓடும் பதிவுகளை நிதானமாகப் படிக்க முடியும். இல்லாவிட்டால் 21, 25, 80 என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பிழைச் செய்தி வந்து, எது முக்கியம் என்றே தெரியாது. மெயிலை நிரந்தரமாகவே அணைத்து வைப்பது நல்லது. பல வாடகை சர்வர்களில் 25ஆம் போர்ட் வழியாக வெளியே மெயில் அனுப்பவே விடமாட்டார்கள்.

பிபிஎஸ் மென்பொருள்களுக்கு ஏன் இவ்வளவு ஆப்ஷன் என்று கேட்டால், அது டாஸ் காலத்து மிச்சம். அப்போது போனை எடுப்பது பிபிஎஸ் இல்லை. ஃப்ரன்ட்டோர் மாதிரி ஒரு மெயிலர் புரோகிராம் மோடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அழைப்பது இன்னொரு சிஸ்டமா மனுஷனா என்று அதுதான் பார்க்கும். மனுஷன் என்றால், ஒரு எரர் லெவல் எண்ணைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். பேட்ச் ஃபைல் அந்த எண்ணைப் பார்த்து பிபிஎஸ்ஸைக் கிளப்பும். எந்த நோட், லைன் வேகம் என்ன, அடுத்த மெயில் நேரத்துக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்பதையெல்லாம் கமாண்ட் லைன் வழியாகத்தான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஓடி, அழைப்பு முடிந்ததும் செத்துப்போகிற புரோகிராம் அது. இன்றைக்கு டெர்மினல் சர்வரே பல நோட்களையும் பார்த்துக்கொள்கிறது. மோடம் இல்லை, வேகம் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் எஞ்சியிருக்கும் ஆப்ஷன்கள் பெரும்பாலும் போர்ட் எண்ணாகவும் நோட் எண்ணாகவும் இருக்கின்றன.

அடுத்தது ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர். லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைச் சாதாரணப் பயனரால் திறக்க முடியாது. எல்லோரும் செய்கிற தவறையே நானும் செய்தேன், சூடோ கமாண்ட் போட்டு ரூட்டாகவே ஓட்டினேன். ஒரு மாதம் பிரச்சினை இல்லை. பிறகு புத்தி வந்து தனிப் பயனர் பெயரில் ஓட்டியபோது, உள்ளே வர முடிகிறது, படிக்க முடிகிறது, ஆனால் கடிதம் எழுதிச் சேமித்தால் பிழை. அந்த ஒரு மாதத்தில் உருவான டேட்டா கோப்புகள் எல்லாம் ரூட் பெயரில் இருந்தன. மொத்த ஃபோல்டரின் உரிமையையும் மாற்றிய பிறகுதான் சரியானது. நீங்கள் முதல் நாளே தனிப் பயனரை உருவாக்கி, செட்கேப் கமாண்டால் அந்த புரோகிராமுக்கு மட்டும் சின்ன போர்ட்களைத் திறக்கும் அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். மறுபடி கம்பைல் செய்தால் அந்த அனுமதி போய்விடும், திரும்பக் கொடுக்க வேண்டும். சிம்லிங்க் (அசல் கோப்பைக் காட்டும் சுட்டி) வைத்து இன்ஸ்டால் செய்திருந்தால், லிங்க்குக்குக் கொடுக்காமல் அசல் கோப்புக்குக் கொடுங்கள்.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தானாகக் கிளப்பிக் கவனிக்கும் சிஸ்டம்டி வழியாக ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஒன்று கவனியுங்கள். டீமனாக ஓடு என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், புரோகிராம் தன்னைப் பிரித்துக்கொண்டு பின்னணிக்குப் போகும். யூனிட் கோப்பில் வகை ‘சிம்பிள்’ என்று இருந்தால், முதல் புராசஸ் முடிந்ததைப் பார்த்து சிஸ்டம்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வகையை ‘ஃபோர்க்கிங்’ என்று மாற்றுங்கள், இல்லையென்றால் டீமன் ஆப்ஷனை எடுத்துவிடுங்கள்.

வாடகை சர்வர் எடுத்தது நல்ல முடிவு. வீட்டில் வைத்து நான் பட்ட பாடு போதும். வீட்டு இணைப்பில் ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால், அது உங்களுக்கென்று இருக்கும் முகவரி இல்லை. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்கிற ஏற்பாடு அது. வெளியிலிருந்து யாரும் உங்களை அழைக்க முடியாது, ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை. என்னுடையது 100.72. இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பொது முகவரி வேண்டும், கூடுதல் பணம் கட்டத் தயார் என்றேன். ‘ஸ்பீட் எவ்வளவு வருது சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்றார்கள். புகார் எண் கொடுத்தார்கள். மறுநாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ். மறுபடி போன், மறுபடி எண், மறுபடி தீர்க்கப்பட்டது. நான்காவது முறையும் அதேதான். வேலை நடக்காதது கூடப் பரவாயில்லை. நடக்காத வேலையை நடந்ததாக எழுதி மூடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கே இந்தக் கதி என்றால், இணைப்பு அறுந்துகிடக்கிற ஒரு வயதானவர் அந்த எஸ்எம்எஸ்ஸை வைத்துக்கொண்டு யாரிடம் போவார்? இதை நீங்கள் கேட்கவில்லை, தெரியும். மனசில் இருந்தது, சொல்லிவிட்டேன்.

பிறகு சின்ன வாடகை சர்வர் ஒன்று எடுத்து, அதிலிருந்து வீட்டுக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளால் ஒரு சுரங்கம் போட்டேன். வந்தது, ஓடியது. ஒரு வாரத்தில் ஒருநாள் நிஜமான ஆள் யாருமே உள்ளே வர முடியவில்லை. காரணம் இதுதான்: டெல்நெட் போர்ட் திறந்தால் சில நிமிஷங்களில் தானியங்கி பாட்கள் வந்து கதவைத் தட்ட ஆரம்பிக்கும். 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் பரவியதிலிருந்து இது ஓயவே இல்லை. 2323க்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மிராய் அந்த எண்ணையும் சேர்த்தே தேடியது. தவறான கடவுச்சொல் பல முறை வந்தால் அந்த முகவரியைத் தற்காலிகமாகத் தடுக்கும் வசதி சிங்க்ரோநெட்டில் இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் வருபவரின் முகவரிக்குப் பதிலாக வாடகை சர்வரின் முகவரியையே காட்டும் முகவரி மாற்றத்தை நான் சுரங்கத்தில் போட்டிருந்ததால், உலகத்தில் எங்கிருந்து யார் வந்தாலும் வீட்டு சர்வருக்குத் தெரிந்தது ஒரே முகவரி. ஒரு பாட் செய்த தப்புக்கு எல்லோருக்கும் கதவு சாத்தப்பட்டது. கடைசியில் பிபிஎஸ்ஸையே வாடகை சர்வருக்கு மாற்றிவிட்டேன். இப்போது நிம்மதி.

அந்த வாரம் வெளியே நின்றவர்களில் என் சித்தி மகனும் ஒருவன். அவனுக்குப் பார்வை இல்லை. போன், கம்ப்யூட்டர் எல்லாம் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர் வைத்துத்தான். இன்றைய வலைப்பக்கங்கள் அவனைப் படுத்தும் பாடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பெயர் இல்லாத பட்டன், தானாகத் திறக்கிற விளம்பரம், படத்தைப் பார்த்து பஸ் எது சைக்கிள் எது என்று சொல்லச் சொல்கிற சோதனை. நான் பிபிஎஸ் பற்றிப் பேசியபோது, ‘அண்ணே, படம் எதுவும் வேண்டாம், எழுத்து மட்டும் வருமா?’ என்று கேட்டான்.

வந்தது. ஆனால் முதல் நாள் தோற்றோம். மெனு வந்து ஒரு கீ அழுத்தக் காத்திருக்கும் இடத்தில், சிங்க்ரோநெட் கர்சரைச் சுழற்றிக் காட்டும். நின்ற கோடு, சாய்ந்த கோடு, படுத்த கோடு என்று மாறி மாறி வரும். கண்ணுக்கு அது அழகு. ஸ்க்ரீன் ரீடர் அந்த ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அதற்கு நடுவில் மெனு என்ன என்று அவனுக்குக் கேட்கவே இல்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டான். அவன் கணக்கின் அமைப்புகளில் சுழலும் கர்சரை அணைத்தேன். டெர்மினலைத் தானாகக் கண்டுபிடிப்பதையும் நிறுத்தி, வண்ணம், பெட்டி எதுவும் இல்லாத வெறும் எழுத்து டெர்மினலாக மாற்றினேன். அடுத்த தடவை மெனு வரி வரியாக வந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் ஒரு வேலை. அன்றைக்குத் தானாகவே மூன்று கடிதம் எழுதினான். சிங்க்ரோநெட் பிபிஎஸ்களை இணைக்கும் கடித வலையான டவ்நெட்டிலும் சேர்ந்து, எங்கெங்கோ இருக்கும் சிங்க்ரோநெட் பிபிஎஸ்காரர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறான். 1978இல் சிகாகோவில் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட நேரத்தில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூயஸும் ஆரம்பித்த ஒரு விஷயம், என் தம்பிக்கு இன்றைக்கு உதவுகிறது. யாருக்குத் தேவை என்று கேட்கும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது என்று யாராவது எழுதுவார்கள். சரிதான், எனக்கும் தெரியும். அதனால்தான் வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைக்கச் சொல்கிறேன். எஸ்எஸ்எச் வழியாகவும் வரலாம். ஆனால் 22இல் உங்கள் சர்வரின் சொந்த எஸ்எஸ்எச் இருக்கும், பிபிஎஸ்ஸுக்கு வேறு எண் கொடுங்கள். மிஸ்டிக் என்ற இன்னொரு பிபிஎஸ் மென்பொருள் இதைவிட எளிது என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. நான் ஓட்டியது சிங்க்ரோநெட், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழில் எழுத முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். பழைய பிபிஎஸ்கள் ஐபிஎம் பிசியின் 256 எழுத்துகளை நம்பி இருந்தவை, அதில் தமிழுக்கு இடம் இல்லை. சிங்க்ரோநெட்டின் புதிய பதிப்புகளுக்கு எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யுடிஎஃப்-8 முறை புரியும். பட்டி (PuTTY) மாதிரி யுடிஎஃப்-8 தெரிந்த டெர்மினல் புரோகிராமில் வந்தால் தமிழ் வரும். திருத்தும்போது மட்டும் கொம்பு, கால் எழுத்துகளில் கர்சர் இடம் தப்பும். வேறு இடத்தில் எழுதி ஒட்டுவதே நல்லது.

கடைசியாக ஒன்று. சர்வர் கிளம்பிய உடனே, ஃபயர்வாலைத் திறப்பதற்கு முன்பே, உள்ளிருந்தே டெல்நெட் செய்து முதல் கணக்கை நீங்கள் உருவாக்கிவிடுங்கள். அந்த முதல் கணக்குதான் சிஸாப், அதாவது பிபிஎஸ்ஸை நடத்துபவர். அதன் பிறகு திறந்துவிட்டு, எந்த போர்ட் என்று இங்கேயே எழுதுங்கள். நானும் தம்பியும் வந்து பார்க்கிறோம். சுழலும் கர்சரை மட்டும் அதற்குள் அணைத்து வையுங்கள்.