வாசகர் கேள்வி: விகிதத்தை விடுங்கள், கிராமை எண்ணுங்கள்

கேள்வி: என் எடை 70 கிலோ. வாரத்தில் நான்கு நாட்கள் எடைப் பயிற்சி செய்கிறேன். உடல் கொழுப்பைக் குறைப்பதற்காக, நாளொன்றுக்கு 2,400 கலோரி என்று வைத்துக்கொண்டு, அதில் புரதம் 40, கொழுப்பு 40, கார்போஹைட்ரேட் 20 சதவீதம் என்ற கணக்கில் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். முதல் பத்து நாட்களில் இரண்டு கிலோ குறைந்தது. அதன் பிறகு எடை அசையவில்லை. பயிற்சியின் பாதியிலேயே கால்கள் துவண்டுவிடுகின்றன. எந்த விகிதம்தான் சரி?

பதில்: முதலில் அந்த இரண்டு கிலோவைப் பார்த்துவிடுவோம். உண்ணும் கார்போஹைட்ரேட்டில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜனாக மாற்றி, தசைகளிலும் கல்லீரலிலுமாக ஏறத்தாழ அரைக் கிலோ வரை சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. கார்போஹைட்ரேட்டைச் சட்டென்று குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைய, நீரும் கூடவே வெளியேறியிருக்கும். ஆகவே எடைக்கருவி காட்டிய குறைவில் கொழுப்பின் பங்கு சிறிதாகவே இருந்திருக்கும். கால்கள் துவள்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கடுமையாக எடை தூக்கும்போது தசை கிளைகோஜனையே அதிகம் நம்பியிருக்கிறது; கொழுப்பிலிருந்து ஆற்றல் கிடைக்கும் வேகம் அந்த முயற்சிக்குப் போதாது.

விகிதத்தைப் பொறுத்தவரை, எனக்குச் சதவீதக் கணக்கில் நம்பிக்கை குறைவு. புரதத் தேவை உடல் எடையையும் பயிற்சியையும் பொறுத்தது. மொத்தக் கலோரியைப் பொறுத்ததன்று. பயிற்சி செய்யாத ஒருவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்பது பொதுவான பரிந்துரை. எடைப் பயிற்சி செய்பவருக்கு 1.6 கிராம் அளவு போதுமானது. உங்களுக்கு அது 112 கிராம். நீங்களோ 240 கிராம் உண்கிறீர்கள். அந்த உபரியால் தசை கூடப்போவதில்லை. கார்போஹைட்ரேட்டுக்கு உரிய இடம்தான் பறிபோகிறது. அதே 112 கிராம், 2,400 கலோரியில் 19 சதவீதமாகவும் 1,800 கலோரியில் 25 சதவீதமாகவும் தெரியும். உடலின் தேவை அப்படியே இருக்க, தாளில் எழுதும் எண் மட்டும் மாறுகிறது.

அடுத்தது கொழுப்பு. ஏ, டி, இ, கே வைட்டமின்களை உட்கிரகிப்பதற்கும், உடல் தானாகத் தயாரிக்க இயலாத கொழுப்பு அமிலங்களைப் பெறுவதற்கும் அது வேண்டும் என்பதால், மிகவும் குறைத்துவிடக் கூடாது. ஆனால் புரதமும் கார்போஹைட்ரேட்டும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகிறது. அளக்காமல் ஊற்றும் எண்ணெய் எத்தனையோ பேருடைய கணக்கைக் கவிழ்த்திருக்கிறது. உங்களுக்கு 70 கிராம், அதாவது 630 கலோரி, போதும். புரதத்துக்கான 448 கலோரியையும் சேர்த்துக் கழித்தால் எஞ்சும் 1,322 கலோரி, 330 கிராம் கார்போஹைட்ரேட்டுக்கு உரியது. அதில் பெரும்பகுதி நார்ச்சத்து நீக்கப்படாத உணவுகளிலிருந்து வரட்டும்.

எடை அசையாததற்கு விகிதத்தைக் குறை சொல்ல முடியாது. 2,400 கலோரி உங்கள் அன்றாடச் செலவுக்குச் சமமாக இருக்கிறது என்றே தோன்றுகிறது. புரதத்தைத் தொடாமல், கார்போஹைட்ரேட்டில் 300 கலோரியைக் குறைத்து 255 கிராமாக வைத்துக்கொண்டு, மூன்று வாரச் சராசரி எடையைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கேள்வி: பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரதம் உண்ணாவிட்டால் பயிற்சி வீண் என்கிறார்களே?

பதில்: வீணாகாது. பயிற்சியால் தூண்டப்பட்ட தசை, ஒரு நாள் வரையிலும் புரதத்தை வழக்கத்தைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. நாளின் மொத்த அளவை மூன்று அல்லது நான்கு வேளைகளுக்குப் பிரித்து உண்டால் போதும். பயிற்சிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நிதானமாகவே போகலாம்.