இலை கொட்டினால் செத்துவிட்டதா? சதைத்தண்டு பெலர்கோனியம்: கேள்வி-பதில்

வெள்ளவத்தை வாசகி: சித்திரை வெயிலில் என் பெலர்கோனியம் (ஜெரேனியம் என்றும் விற்கும் பூச்செடி), கார்னோசம் வகை, எல்லா இலையையும் கொட்டிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. செத்துவிட்டதா?

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், அம்மா. தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, செடி உறங்குகிறது.

தண்டு தடித்து நீர் சேர்க்கும் இந்தச் சதைத்தண்டு வகைகளில் பலவற்றுக்குத் தென்னாபிரிக்காவின் வறண்ட மேற்குப் பக்கம்தான் சொந்த ஊர். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். அதனால் சூடு ஏறியதும் இலையை உதறிவிட்டு, தண்டில் சேர்த்துவைத்த நீரோடு காத்திருக்கும். நம் ஊரில் அது உறங்கப்போன கையோடு வைகாசியில் பருவமழை பிடித்துவிடுகிறது. கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உறங்கும் வேர் அதைத் தாங்காது. தொடர்மாடியில் இருந்தால் நல்லது: சாரல் படாத, வெளிச்சமான பல்கனி மூலை போதும். தண்டு சுருங்கத் தொடங்கினால் மட்டும் கொஞ்சம் நீர் விடுங்கள். மார்கழி, தையில் இரவு சற்றுக் குளிர்ந்து துளிர் தெரிந்ததும், மண் காயக் காய ஊற்றலாம்.

கொட்டாஞ்சேனை வாசகர்: அடித்தண்டு கறுத்து, தொட்டால் நசிகிறது. காப்பாற்ற முடியுமா?

மேலே கெட்டியான பகுதி மிஞ்சியிருந்தால் முடியும், ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் நறுக்குங்கள். வெட்டிய இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத வரைக்கும் மேலே மேலே நறுக்குங்கள். மனம் கேட்காமல் ஓர் அங்குலம் விட்டுவைத்து, ஆசையாய் வளர்த்த எக்கினேட்டம் என்ற வகைச் செடி ஒன்றை நான் முழுதாக இழந்தேன். துண்டை நிழலில் வைத்து, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு நடுங்கள். கடையில் விற்கும் தும்புத்தூள் கலவை வேண்டவே வேண்டாம், ஈரத்தை விடாது. கருங்கல் சல்லி, செங்கல் துண்டு, கழுவிய ஆற்றுமணல் மூன்றும் பெரும்பங்காக இருக்கட்டும். சட்டி மண்சட்டி, அதுவும் சின்னது.

தெஹிவளை வாசகி: கணுக்கள் கட்டிபோல வீங்கியிருக்கின்றன. நோயா?

இல்லை. தண்டு கெட்டியாக இருந்தால் அது கிப்போசம் என்ற வகையாக இருக்கும், கணு வீங்குவதே அதன் இயல்பு. பூத்தால் இரவில் மணந்து பாருங்கள். அப்போதுதான் வாசம் வரும்.

வத்தளை வாசகர்: இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

வெண்மூட்டுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாக எடுங்கள், வாரம் ஒரு தரம். அப்படியும் வந்தால் செடியைச் சட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். அங்கேயும் வெள்ளையாய் ஒளிந்திருக்கும். பழைய மண்ணை எல்லாம் கொட்டி, வேரைக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் புது மண்ணில் வையுங்கள்.