ஃபார் லூப்ல ரிமூவ் பண்ணா ஒரு எண் மட்டும் ஏன் அழியல?

பைத்தான்ல 2, 4, 5, 6ங்கிற லிஸ்ட்ல இருந்து இரட்டைப்படை எண்களை ஃபார் லூப்ல ஒவ்வொண்ணா பாத்து அழிக்கிறீங்க, ஆனா 4 மட்டும் போகலன்னு கேக்குறீங்க. லூப் ஓடிட்டிருக்கும்போதே அதே லிஸ்ட்ல ரிமூவ் போடாதீங்க. ஒற்றைப்படை எண்களை மட்டும் ஒரு புது லிஸ்ட்ல அப்பெண்ட் பண்ணி, அதாவது கடைசில சேத்துக்கோங்க, 4 அழியாம நிக்கிற உங்க பிரச்சனை அதோட சரியாயிடும்.

நடக்கிறது இதுதான். பைத்தான் ஃபார் லூப் உள்ளுக்குள்ள 0, 1, 2ன்னு இடத்தை எண்ணிக்கிட்டே போகும். முதல் இடத்துல இருந்த 2ஐ தூக்கினதும் மீதி எல்லாம் ஒரு இடம் முன்னாடி நகர்ந்து 4 அந்த முதல் இடத்துக்கு வந்துடுது, ஆனா லூப் அடுத்த இடத்துக்குப் போயிடுச்சு, அங்க 5 இருக்கு, 4ஐ அது பாக்கவே இல்ல. உங்க இஃப் கண்டிஷன் சரிதாங்க, அதையே மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்காதீங்க.

சந்தேகம்னா இஃப்புக்கு மேல ஒரு பிரிண்ட் போட்டு ஓட்டிப் பாருங்க, 2, 5, 6 மட்டும்தான் வரும். கத்துக்கிற நேரத்துல ஏஐ டூல்கிட்ட கேக்குறதவிட இந்த மாதிரி ஒரு பிரிண்ட் நல்லா மனசுல நிக்கும்னு நான் நினைக்கிறேன்.

ஒண்ணு கவனிங்க, பழைய லிஸ்ட் அப்படியேதான் இருக்கும், அதனால கீழ வர்ற கோட்ல புது லிஸ்டோட பேரைக் குடுங்க. டிக்ஷனரில, அதாவது ஒவ்வொரு பேருக்கும் ஒரு மதிப்புன்னு ஜோடியா வைக்கிறதுல, லூப்புக்குள்ள இப்படி அழிச்சா பைத்தான் எர்ரர் காட்டும், லிஸ்ட்ல சத்தமில்லாம விட்டுடும்.