பெரிய விபத்துகளுக்குப் பிறகாவது குவாரிகளில் பாதுகாப்பு விதிகள் ஒழுங்காக அமலாகின்றனவா?

அமலாகின்றன, ஆனால் சில வாரங்களுக்கு மட்டும். ஆந்திராவின் குப்பம் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் பதினோரு ஆண்டுகள் மேட்டாக, அதாவது ஆட்களையும் வேலையிடத்தின் பாதுகாப்பையும் கவனிக்கும் மேற்பார்வையாளனாக இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். விதியில் குறையே இல்லை. கெட்டிப் பாறையில் பெஞ்சின், அதாவது குழியின் சுவரில் படிபோல் வெட்டிவிடும் தட்டின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் உயரத்தைவிடக் குறையக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளே கூறுகின்றன. மேல்மண், சரளை என்றால் உயரம் 1.5 மீட்டர்தான். ஆனால் பெஞ்சுக்காக விடும் ஒவ்வொரு அடியையும் விற்காமல் போன கல்லாகவே குத்தகைதாரர் பார்ப்பார் என்பதால், குழி சுவர்போல் செங்குத்தாக இறங்கிக்கொண்டே போகும்.

எங்கள் குவாரியில் மேற்குச் சுவர் சரிந்து ஒரு தொழிலாளிக்குக் கால் முறிந்தது. ஆய்வாளர் வருவதற்கு முந்தைய இரவு பெஞ்சு விளிம்புகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். புது ஹெல்மெட்டுகள் பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கின. மூன்று மாத வருகைப் பதிவேட்டை ஒரே பேனாவால் ஒரே மூச்சில் எழுதி முடித்தார்கள். எச்சரிக்கைப் பலகை தெலுங்கில் மட்டும் இருந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் வேப்பனஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் அதை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான், அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது.

அமலாக்கம் தளர்வதற்கு இன்னொரு காரணம், பொறுப்பு சிதறிக் கிடப்பது. குத்தகை கொடுப்பது மாநிலக் கனிம வளத் துறை, பாதுகாப்பைப் பார்ப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம், வெடிமருந்து உரிமம் நாக்பூரில் தலைமையகம் உள்ள வேறொரு மத்திய அமைப்பின் கையில். 2021 மே மாதம் கடப்பா மாவட்டம் மாமில்லபள்ளிக் குவாரியில் ஜெலட்டின் குச்சிகளை இறக்கும்போது வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்களே, அதுபோன்ற வேலை இந்த மூன்று அலுவலகங்களின் பார்வைக்கும் உட்பட்டதுதான். இறக்கும் நேரத்தில் மூவரில் ஒருவராவது குழியருகே நிற்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

தண்டனையோ மிகத் தாமதம். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 375 பேர் மாண்டார்கள். அதிகாரிகள் இருவருக்கு ஓராண்டுச் சிறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012-இல்தான்.

என்னைக் கேட்டால் முதலில் காப்பாற்ற வேண்டியது மேட்டை. ஆபத்து தெரிந்தால் ஆட்களை வெளியேற்றி அந்த இடத்தை அடைக்கும் கடமையை விதி அவனுக்குத்தான் தருகிறது. சம்பளத்தைத் தருபவரோ குத்தகைதாரர். மேற்குச் சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல் கண்ட அன்று அறிக்கைப் புத்தகத்தை எடுத்தேன். மேலாளர் என் தோளில் கைவைத்து, "எழுத்துல வேணாம் தம்பி, வாயால சொன்னா போதும்" என்றார். சரிவுக்குப் பிறகு ஆய்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "நிலை நன்று" என்று எழுதி, கீழே நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.