விலைபோகாத வீடு: மாபிளுக்கு முன் காணி உறுதியைப் பாருங்கள்

கேள்வி: கொக்குவிலில் நான்கு பரப்புக் காணியில் அம்மாவின் சீதன வீடு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். உறுதி அம்மாவின் பெயரில்தான் இருக்கிறது. நானும் தங்கையும் கனடாவில் உள்ள அண்ணாவும் அதை விற்க முயன்று ஒரு வருடமாகிறது. ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், பிறகு கதையில்லை. முன்பக்கத்துக்கு மாபிள் பதித்து வெள்ளையடித்தால் விலைபோகுமா?

பதில்: மாபிளுக்கு இப்போது ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். பழைய வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் காணியின் பரப்புக் கணக்கிலேயே விலை பேசுவார்; வீட்டை இடித்துக் கட்டும் எண்ணமும் அவருக்கு இருக்கலாம். நீங்கள் பதிக்கும் மாபிளின் பெறுமதியை அவர் தர மாட்டார்.

வந்தவர்கள் திரும்பாததற்கு முதற் காரணம் காணி உறுதிதான் என்பது என் கருத்து. அம்மாவின் பெயரில் உள்ள காணியை விற்க யாருக்கு உரித்து உண்டு என்பதை வாங்குபவரின் நொத்தாரிசு கேட்பார். அதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால், வாங்க விரும்பியவரும் அடுத்த காணியைப் பார்க்கப் போய்விடுவார். ஆகவே மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் வழக்கு) வைக்க வேண்டுமா என்பதை உங்கள் நொத்தாரிசிடம் இப்போதே கேட்டு, வேண்டுமென்றால் ஆள் கிடைக்கும்வரை காத்திராமல் தொடங்கிவிடுங்கள். அண்ணாவால் வர முடியாவிட்டால், கனடாவிலுள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இங்கே பதியப்பட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் பிறருக்கு முன்னதாக வாங்கும் உரிமை உண்டு என்பதால், 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கொடுக்க வேண்டிய அறிவித்தலையும் நொத்தாரிசிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றோடு புதிய நில அளவை வரைபடம், காணிப் பதிவகத்துப் பதிவின் பிரதி, சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, உள்ளூராட்சி சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதி அகலிப்பு காணியைத் தொடுமா என்று காட்டுவது) ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். வங்கிக் கடனில் வாங்குபவருக்கு இவை இல்லாமல் கடன் நகராது.

அடுத்தது விலை. அயலில் இன்னார் இவ்வளவு கேட்கிறார் என்பது விலையாகாது. அந்தக் காணியும் விற்கப்படாமலே கிடக்கலாம். தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்து மூலம் மதிப்பீடு பெற்று, மூவரும் ஒரே விலையில் உடன்படுங்கள். தரகர் ஒருவரிடம் ஒரு தொகையும், அண்ணாவின் நண்பரிடம் வேறொரு தொகையும் சொல்லப்பட்டால், அது ஊருக்குள் தெரிய அதிக நாள் எடுக்காது. அதன்பின் யாரும் குறைந்த தொகைக்கு மேல் பேச மாட்டார்கள்.

கிணற்றைக் கவனியுங்கள். வாங்க வருபவர் பலர் சுவரைப் பார்க்குமுன் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி, வாயில் வைத்துச் சவர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விடயம் வெளிவந்த பிறகு, வலிகாமத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். மாபிளுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்கே இதற்குப் போதும். வளவைச் செருக்கி, ஒழுகும் ஓடுகளை மாற்றுவதோடு வீட்டு வேலையை நிறுத்திக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் இங்கே காணியைத் தம் பெயருக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே அதைக் கேளுங்கள். அவர்கள் அதிகம் வருவது ஆடியிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும். ஆடியில் உறுதி முடிக்கப் பலர் தயங்குவார்கள். ஆனால் வீடு பார்க்கத் தயங்குவதில்லை. ஆனிக்குள் கோப்பு தயாராகிவிட்டால், ஆடியில் பார்த்தவர் ஆவணியில் முற்பணம் தந்து ஒப்பந்தம் எழுதலாம்.

விலைபோகும்வரை வாடகைக்கு விடலாமா என்றும் யோசிப்பீர்கள். வேண்டாம். குடியிருப்பவர் எழும்புவாரா என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வந்தால், அதுவே விலையைக் குறைத்துவிடும். நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் திறப்பைக் கொடுத்து, கிழமைக்கு ஒருமுறை கதவு யன்னல்களைத் திறந்து கூட்டச் சொல்லுங்கள்.